சிப்பிக்கு உறுத்துது... நமக்கு உறுத்தலையே!

தூத்துக்குடிக்காரங்களுக்கு முத்துக் கதையைச் சொல்லித் தரணுமா என்ன? சிப்பிக்குள்ள வேண்டாத ஏதாவது புகுந்து உறுத்தினா, அதுமேல அடுக்கடுக்காப் பூச்சு பூசி அடைச்சுடும். அந்தச் சிறைதான் முத்து! 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்துக் காட்டியதும், சின்ன மணியை உள்ளே வைத்துச் சிப்பியைச் சீண்டித்தான்.

உறுத்தாமலே உள்ளே வந்து உட்கார்ந்தா? ஹெச்.பி.வி. வைரஸ் அப்படிப்பட்ட ஆசாமி. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

துறைமுக கேட்டில் பாஸ் காட்டுகிற மாதிரி, நம் செல்கள் தங்களுக்குள் இருப்பதைத் துண்டு துண்டாக வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். கிருமித் துண்டு கண்ணில் பட்டால், காவல் செல்கள் வந்து தீர்த்துக்கட்டும். இந்த வைரஸின் 'இ5' புரதம், அந்த பாஸையே வெளியே வரவிடாது. 'இ6', 'இ7' இரண்டும் இன்டர்ஃபெரான் என்கிற அபாயச் சங்கை அமுக்கிவிடும். செல்லையும் கொல்லாது, ரத்தத்திலும் கலக்காது. யாருக்குத் தெரியும்?

வேடிக்கை என்னன்னா, புற்றுநோய் தருவது வைரஸோட திட்டமே இல்லை! அதுக்கு வேண்டியது காப்பி. வேலை முடிச்ச செல்லில் காப்பி எடுக்க முடியாதே. அதனால ஆர்.பி. என்கிற பிரேக்கை இ7 பிடுங்குது. 'கெட்டுப்போயிட்டே, செத்துப்போ' என்று செல்லுக்கு உத்தரவு போடும் பி53-ஐ இ6 ஒழிக்குது. வைரஸின் டி.என்.ஏ. தப்பித்தவறி நம் டி.என்.ஏ-வில் சிக்கிக்கொண்டால், பிரேக் நிரந்தரமாக் காலி.

பயப்படாதீங்க. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே விழித்துக்கொண்டு துரத்திவிடும். தங்கிவிட்டாலும் புற்றுநோயாக 10, 20 வருஷம் ஆகும். அந்த இடைவெளிதான் நம்ம சான்ஸ்.

அதைப் பயன்படுத்திக் காட்டியது திண்டுக்கல் மாவட்டம். 2000-ம் வருஷம் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகளே டெஸ்ட் செய்தார்கள். வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பது. கோளாறான இடம் வெளுக்கும். அவ்வளவுதான்! டெஸ்ட் நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவிகிதம் குறைவு என்று 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. அதுவும் ஒரே ஒரு தடவை பார்த்ததுக்கு.

2023-ல் நம்ம நாட்டுத் தயாரிப்பான 'செர்வாவேக்' தடுப்பூசியும் வந்தாச்சு. வைரஸின் வெறும் ஓட்டை மட்டும் தசையில் போட்டு, உடம்பைச் சீண்டுகிற வேலை. அதே சிப்பி டெக்னிக்! வைரஸ் வருவதற்கு முன்னாடி போட்டால்தான் முழுப் பலன். அதனால தங்கச்சிக்கு முதல் இடம்.

அம்மாவுக்கு டெஸ்ட். கூப்பிட்டுப் பாருங்க. "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்பாங்க. இ5, இ6, இ7 மூணும் பாடுபடுறது அந்த ஒரு வரிக்காகத்தான்னு சொல்லுங்க.