ஆஷாடத்தில் பிறந்தகம் வரும் மகாகாளி

ஐதராபாத்தின் நாச்சாரம், தொழிற்பேட்டையும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையுமாக வாரம் முழுக்க ஷிப்டு கணக்கில் ஓடும் பகுதி. ஆஷாட மாதத்தில் போனாலு திருவிழா வந்துவிட்டால் அங்கே வேறு கணக்கு. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் தலையில் போனம் சுமந்து அம்மன் கோயிலுக்கு நடப்பார்கள். மண்பானை அல்லது பித்தளைக் குடம், உள்ளே பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கிய சோறு, வெளியே மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையும், உச்சியில் எரியும் விளக்கு. சுமந்து வருபவளின் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். உக்கிரமான தேவி அவள் மேல் வருகிறாள், குளிர்விக்க வேண்டும் என்பது நம்பிக்கை.

இதன் வேர் ஒரு கொள்ளைநோயில் இருக்கிறது. 1813-ல் நகரில் சாவு பெருகியபோது, உஜ்ஜயினியில் இருந்த ஐதராபாத் படைவீரர்கள் ஊர் பிழைத்தால் மகாகாளிக்குச் சிலை வைப்பதாக வேண்டிக்கொண்டார்கள்; 1815-ல் செகந்திராபாத்தில் அதை நிறைவேற்றினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

நோயை அந்த வேண்டுதல் விரட்டியதா என்பதைவிட, அச்சத்தை மக்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் அம்மனை உறவாக்கிக்கொண்டார்கள். ஆஷாடத்தில் அவள் பிறந்தகம் வருகிறாள். மகளுக்குப் பொங்கிப் போட்டு, சீராட்டி அனுப்புகிறார்கள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து, அதே மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊர்வலத்தின் முன்னால் மஞ்சள் பூசிய வெற்றுடம்பும் சாட்டையும் சலங்கையுமாக ஆடிவரும் போத்துராஜு, அம்மனின் தம்பி. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் நிற்கும் போத்துராஜாவும் இந்த மரபைச் சேர்ந்தவர்தான். அங்கே கதை கொஞ்சம் மாறி, பாண்டவர்களின் தங்கையை மணந்த மாப்பிள்ளை ஆகிவிடுகிறார். தெய்வத்துக்குக் காவல் என்றாலும் வீட்டு ஆள்தான் வரவேண்டும்!

2020-ல் கொரோனா வந்தபோது, கொள்ளைநோயில் பிறந்த அதே விழாவைக் கூட்டமின்றி நடத்த வேண்டியிருந்தது. போனத்தை வீட்டிலேயே படைக்கச் சொன்னது அரசு. மரபுக்கு அது இழுக்கில்லை. அடுப்படியில் பொங்கும் சோறுதானே போனம்?

செகந்திராபாத் மகாகாளி கோயிலில் போனாலுக்கு மறுநாள் ரங்கம். சுடாத பச்சைப் பானையின் மேல் ஒரு பெண் ஏறி நின்று அம்மன் வாக்குச் சொல்வாள். மழை எப்படி, நோய் வருமா என்று கேட்பார்கள். பூசையில் என்ன குறை என்று அவளும் கேட்பாள். அடுத்த ஆண்டு சரியாகச் செய்கிறோம் தாயே என்று கோயில்காரர்கள் அங்கேயே வாக்குக் கொடுப்பார்கள்.