அப்பா எங்கே? போன் சொல்லும்!

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவோ மாமனாரோ இருக்கிறாரா? காலை நடைக்குப் போனவர் வர அரை மணி தாமதமானால் உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

"ஞாபகமறதிக்கு வல்லாரை கொடுங்க டாக்டர்" என்று பெரியவர்களைக் கூட்டி வருகிறார்கள். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதுக் கோளாறு. ஆனால் முப்பது வருடம் நடந்த தெருவிலேயே வழி தடுமாறினால் அது வேறு. பி12, தைராய்டு பரிசோதனை செய்து, நரம்பியல் டாக்டரிடமும் காட்டுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். பி12 குறைவாலோ தைராய்டு குறைவாலோ வந்த மறதி, சிகிச்சையில் தேற வாய்ப்பு உண்டு. அல்சைமர் என்றால் முழுக்கத் திருப்பித் தரும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. அவர் தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வைத்தியம்.

இதற்கு உங்கள் கையில் இருக்கும் போனே உதவும். செயற்கைக்கோள், செல்போன் கோபுரம், பக்கத்து வைஃபை இவற்றை வைத்து, தான் இருக்கும் இடத்தை அது கணித்துக்கொள்கிறது. அப்பாவின் ஸ்மார்ட் போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே மூலையில் உள்ள அவர் படத்தைத் தொடுங்கள். 'லொகேஷன் ஷேரிங்' என்று வரும். உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'நிறுத்தும் வரை' என்பதை வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலும் இந்த வசதி உண்டு, ஆனால் அதிகபட்சம் 8 மணி நேரம்தான். தினமும் மறக்கிறவரைத் தினமும் போட்டுவிடச் சொல்ல முடியுமா!

ஒன்று, இதை அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதிப்பா" என்று சொன்னால் பெரும்பாலான அப்பாக்கள் சம்மதித்துவிடுவார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கும் இதே மரியாதை வேண்டும். நாள் முழுக்க மகளின் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்து, "படபடப்பா இருக்கு டாக்டர்" என்று வரும் அம்மாக்களுக்கு என்னிடம் சூரணம் கிடையாது.

சார்ஜ் தீர்ந்தாலோ, 'டேட்டா' அணைந்தாலோ, பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எந்த நேரத்து இடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளி ஒரு தெரு தள்ளியும் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, போன் பூஜையறையிலும் ஆள் பஸ் ஸ்டாண்டிலும் இருக்கலாம். அதனால் பெயர், உங்கள் நம்பர் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். ஆள் காணவில்லை என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு முடித்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். உடனே 112-ஐ அழையுங்கள்.

போனே தொலைந்தால்? ஆண்ட்ராய்டில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்றிருந்தது 2025-ல் 'ஃபைண்ட் ஹப்' ஆகியிருக்கிறது. ஆப்பிளில் 'ஃபைண்ட் மை'. வேறொரு போனிலிருந்து இதில் நுழைந்து ஒலிக்கச் செய்தால், சைலன்ட்டில் இருந்தாலும் சத்தம் போடும். சோபா இடுக்கில் கிடந்தது என்றால் அதோடு முடிந்தது. ஆனால் ஒரு சிக்கல்: உள்ளே நுழையக் கேட்கும் ரகசிய எண், தொலைந்த போனுக்கே போய்ச் சேரலாம்! கூகுள் தரும் 'பேக்கப் கோடு'களை இன்றே எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.

கூடவே *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். திருட்டு என்று தெரிந்தால் புள்ளியைத் துரத்திக்கொண்டு நீங்களே போக வேண்டாம். போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிந்தால், அந்த போன் இந்தியாவில் எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.