புற வன்தட்டும் விசிறியும்

பொருளைத் தேடுதலினும் தேடிய பொருளைக் காத்தலே அரிதென்பர் பெரியோர். முற்காலத்தில் ஓலையிலும், பின்னர்த் தாளிலும் பொதிந்து காக்கப்பெற்ற கல்விச் செல்வம் இன்று உள்ளங்கையளவான ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றது. கணினிக்குப் புறத்தே வைத்து இணைக்கப்படும் அப்பெட்டியே புற வன்தட்டு எனப்படுவது. கோடைக்காலத்தில் அதனைத் தொட்டுப் பார்ப்போர் அதன் சூட்டிற்கு அஞ்சி, 'இதற்கொரு விசிறி வைத்தால் நெடுநாள் உழைக்குமன்றோ?' என வினவுகின்றனர். நாமும் ஒருகால் அங்ஙனமே எண்ணி, அதன் பயனையும் அடைந்தோமாதலின், அவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், சூடு எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். வன்தட்டு முதன்முதல் 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் அதன்கண் அடுக்கப்பட்டிருந்தும், அது தாங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. இக்காலத்து வன்தட்டு உருவிற் சுருங்கியதாயினும் அடிப்படை அதுவேயாம். காந்தப் பூச்சுடைய தட்டுக்கள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனையோ தட்டினைத் தீண்டாமல், மயிரிழையின் பருமனிற் பல்லாயிரத்திலொரு பங்கு உயரத்தில் மிதக்கின்றது. சுழற்றும் மோட்டாரும், உள்ளிருக்கும் காற்றின் உராய்வும், மின்சுற்றுக்களும் ஆகிய இம்மூன்றுமே சூட்டிற்குக் காரணங்களாம்.

புற வன்தட்டுக்கள் இருவகைப்படும். 2.5 அங்குல வகையானது கணினியின் யூ.எஸ்.பி. கம்பி வழியாகவே மின்சாரம் பெறுவது. அக்கம்பியின் 3.0 என்னும் விதி அளிப்பது 4.5 வாட் ஆற்றலே. இது 9 வாட் எல்.இ.டி. விளக்கொன்று கொள்வதிற் பாதியாகும். இத்துணைச் சிறு வெப்பத்தைப் பெட்டியின் மேற்புறமே காற்றிற்கு விட்டுவிடுமாதலின், இவ்வகைக்கு விசிறி வேண்டுவதில்லை. 3.5 அங்குல வகையோ தனியே 12 வோல்ட் மின்சாரம் பெற்று, உழைக்குங்காற் பெரும்பாலும் 6 முதல் 9 வாட் வரை கொள்வது. இதுவும் ஒன்றாய்த் தனித்து, காற்றோட்டமுள்ள இடத்திலிருப்பின் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

இனி, சூட்டினால் வன்தட்டின் ஆயுள் குறையுமா என்பது வினா. 2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர் மூவர் இலட்சத்திற்கு மேற்பட்ட வன்தட்டுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிதமான சூட்டிற்கும் பழுதிற்கும் வலிய தொடர்பில்லையென்றும், மிகக் குளிர்ந்தவற்றிலேயே பழுது மிகுந்திருந்ததென்றும், பெருஞ்சூடு தீங்கு செய்தது பெரும்பாலும் ஆண்டு முதிர்ந்தவற்றிற்கேயென்றும் அவர் கண்டனர். 2013ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் ஆய்வொன்றோ சூடு மிகப் பழுதும் மிகுதலைக் காட்டிற்று. அறிஞர் தம்முள் மாறுபடினும், இரண்டற்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு: பெருஞ்சூடு ஆகாது, இளஞ்சூட்டிற்கு அஞ்சவேண்டுவதில்லை. கைக்குச் சூடாகத் தோன்றும் 40 டிகிரி செல்ஷியஸ் வன்தட்டிற்கு இயல்பான நிலையே. செய்தோர் பலரும் 60 டிகிரியை எல்லையாகக் குறிப்பர். 50 டிகிரியைத் தாண்டாமற் பார்த்துக்கொள்ளுதல் அறிவுடைமையாம். வன்தட்டு தன் வெப்பத்தைத் தானே அளந்து கூறவல்லதாதலின், கணினியில் ஒரு சிறு செயலியைக் கொண்டு அதனை அறியலாம்.

அங்ஙனமாயின் விசிறி வேண்டுமிடம் யாது? 3.5 அங்குல வன்தட்டுக்கள் இரண்டோ நான்கோ ஒரே பெட்டியில் நெருங்கியிருந்து, இரவும் பகலும் உழைக்குமிடத்து அது வேண்டும். ஒன்றன் சூடு மற்றொன்றைத் தாக்குமாதலின். பிறவிடங்களில் விசிறி தூசியைக் கொணரும், அதிர்வைத் தரும், தானும் ஒருநாள் தேய்ந்து நிற்கும். மெத்தையின்மேல் வையாமையும், ஒன்றன்மேலொன்று அடுக்காமையும், வெயில் படாமற் காத்தலும் செலவில்லாத விசிறிகளாம்.

இனி நம் செய்தியைக் கூறுவோம். சென்ற ஆண்டு விடுமுறையில் நாமும் நம் வகுப்புத் தோழர் சிலரும் ஊரூராய்ச் சென்று, முதியோர் வாயிலாகத் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அனைத்தையும் ஒரே வன்தட்டில் வைத்தோம். விடுதியறையின் வெப்பத்திற்கு அஞ்சி, அதனை ஒரு முக்காலியின்மேல் வைத்து மேசை விசிறியை அதன் எதிரே ஓடவிட்டோம். ஒருவர் விசிறியைத் திருப்பியபோது அதன் கம்பி முக்காலியை இடறிற்று. சுழன்றுகொண்டிருந்த வன்தட்டு தரையில் வீழ்ந்தது. பின்னர் அதினின்று 'டிக், டிக்' என்னும் ஓசையன்றி வேறொன்றும் வரவில்லை. சூடு செய்யாத தீங்கை நாம் வைத்த விசிறியே செய்தது. பாடியவர்களிடம் மீண்டுஞ் சென்று பாடுவித்தோம். ஆயின் அவருள் ஒரு மூதாட்டியார் அதற்குள் காலமாயினார். அவர் பாடிய தாலாட்டை இனி யாரிடங் கேட்போம்?

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிட்டது ஓர் ஏட்டைக் கொண்டன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கியேயாம். அவ்வேடுகளை நம் காலம்வரை கொணர்ந்தது அவற்றை வைத்த பெட்டியன்று. தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிய கைகளே. ஓலைக்கு உண்மையானது வன்தட்டிற்கும் உண்மையே. எத்துணைக் குளிர்வித்தாலும் ஒருநாள் அழிவது அதன் இயல்பு. ஆதலின் நண்பர்காள், விசிறிக்கென ஒதுக்கிய பொருளோடு இன்னுஞ் சிறிது கூட்டி மற்றொரு வன்தட்டு வாங்கி, முதலதில் உள்ளவற்றை அதிலும் பெயர்த்து, வேறோர் இடத்தில் வைப்பீராக. நாம் இப்பொழுது அங்ஙனமே செய்கின்றோம்.