ஏழில் இரண்டு

ஆதம்பாக்கம் கருணீகர் தெருவை ஒட்டி நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் மூன்று நாற்காலி, ஒரு டி.வி. ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போகிறவர்கள் வேறு அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. யாராவது கிரிக்கெட்டைப் பற்றி வாயைத் திறந்தால் கடைக்காரரின் கத்தரி அந்தரத்தில் நின்றுவிடும். பேச்சு ஓய்ந்த பிறகுதான் கீழே இறங்கும்.

2025 ஏப்ரல் 20 காலையும் அப்படித்தான் நின்றது. சென்னை சூப்பர் கிங்ஸ் அதுவரை 7 ஆட்டம் ஆடி 2 ஜெயித்திருந்தது. முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றார்கள். அடுத்த ஐந்திலும் வரிசையாகத் தோல்வி. ஏழாவதில் லக்னோவை எப்படியோ மடக்கினார்கள். தோற்ற ஐந்தில் ஒன்று, சேப்பாக்கத்திலேயே கொல்கத்தாவிடம் 20 ஓவரில் 103 ரன் மட்டும் எடுத்து வாங்கிய அடி.

"எல்லாரையும் தூக்கணும் சார். ஒருத்தனுக்கும் பேட்ல பந்தே படல" என்றார் கடைக்காரர்.

பக்கத்து நாற்காலியில் கன்னம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் விடவில்லை. "2010ல இன்னாண்ணே ஆச்சு? அப்பவும் ஏழுல ரெண்டுதான். கப்பு யாரு அடிச்சா?"

ஆட்டோக்காரரின் ஞாபகம் பொய்யில்லை. 2010இல் முதல் 7 ஆட்டங்களில் சென்னை ஜெயித்தது இரண்டே இரண்டு. அடுத்த ஆட்டத்தில் பெங்களூரை வென்றது. ஏப்ரல் 3 அன்று சேப்பாக்கத்தில் ராஜஸ்தானை எதிர்த்து முரளி விஜய் 56 பந்தில் 127 அடித்தார். அணி 246. ஏப்ரல் 25 அன்று இறுதி ஆட்டத்தில் மும்பையை 22 ரன்னில் வீழ்த்தி முதல் கோப்பை. 2025 கதை வேறு. அந்த ஞாயிறு இரவே மும்பையிடம் 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்று, கடைசியில் 14இல் 4 வெற்றியோடு, வரலாற்றில் முதல் தடவையாகப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது.

ஒரே ஏழில் இரண்டு. ஒன்று கோப்பைக்குப் போனது, மற்றொன்று பத்தாம் இடத்துக்கு. அப்படியானால் சீசன் ஆரம்பத்தில் நாம் போடும் சண்டைக்கு அந்த எண் எவ்வளவுதான் சாட்சி சொல்லும்?

பூவா தலையா போட்டுப் பார்க்கலாம். ஒரு நாணயத்தை ஏழு தடவை சுண்டினால் பூவும் தலையும் மாறி மாறி விழ மொத்தம் 128 வழி. அதில் தலை இரண்டோ அதற்குக் குறைவோ விழும் வழிகள் 29. ஏறத்தாழ நாலரைக்கு ஒன்று. அதாவது ஐ.பி.எல்லில் பத்து அணிகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே பலம் என்று வைத்துக்கொண்டாலும், ஏழு ஆட்டம் முடியும்போது சராசரியாக இரண்டு அணிகள் 'ஏழில் இரண்டு' அல்லது அதைவிட மோசம் என்ற நிலையில் நின்றுகொண்டிருக்கும். சரி, நம் அணி நல்ல அணி, பத்துக்கு ஆறு ஜெயிக்கும் அணி என்றே வைப்போம். அதற்கும் இந்த ஆரம்பம் சராசரியாகப் பத்து சீசனுக்கு ஒரு தடவை வரும். கோச் யார், வீரரின் ஃபார்ம் எப்படி என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் இன்னும் வரவே இல்லை.

ஆட்டக்காரர்கள் விஷயம் இதைவிட விசித்திரம். அதைப் பார்க்க வீட்டில் தாயக்கட்டை இருந்தால் போதும். பித்தளையில் நீளமாக இரண்டு கட்டை. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. பாட்டிமார்கள் குதூகலிக்கும் எண் அது. நம் ஆட்டத்தில் தலைகீழ்: பன்னிரண்டு விழுந்தால் அவுட். வேறு எது விழுந்தாலும் அடுத்த பந்து. பதினாறில் ஒரு வாய்ப்பு என்பதால் இந்தப் பித்தளை ஆட்டக்காரர் சராசரியாக ஓர் இன்னிங்ஸுக்கு 16 பந்து நிற்பார். பந்துக்கு ஒன்றரை ரன் என்று கொடுத்தால் சராசரி 24. டி20இல் குறை சொல்ல முடியாத ஆள்.

இவருக்கு ஃபார்ம் கிடையாது. மூட்டு வலி கிடையாது. ஷார்ட் பிட்ச் பந்துக்குப் பயம் கிடையாது. முதல் உருட்டும் நூறாவது உருட்டும் அவருக்கு ஒன்றுதான். போன இன்னிங்ஸ் என்ன ஆயிற்று என்று கட்டைக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ஸ்கோர்களைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தால் சலூனில் கொலை விழும்.

ஏனென்றால் சராசரி 16 பந்து என்றாலும், பாதிக்கு மேற்பட்ட இன்னிங்ஸ்கள் 11 பந்துக்குள் முடிந்துவிடும். 25 இன்னிங்ஸில் ஒன்றுதான் 50 பந்தைத் தாண்டும். எப்போதாவது வரும் அந்தப் பெரிய ஆட்டங்கள்தான் சராசரியை மேலே இழுத்துப் பிடிக்கின்றன. மற்ற நாட்களில் ஆள் சொதப்புவதுதான் வழக்கம். 'இவன் பாதி நாள் சராசரிகூட அடிக்கிறதில்ல' என்ற குற்றச்சாட்டு எல்லா ஆட்டக்காரருக்கும் பொருந்தும், மிகச் சிறந்தவருக்கும் சேர்த்து.

சீசனின் முதல் மூன்று இன்னிங்ஸிலும் இவர் பத்துப் பந்துக்குள் அவுட்டாகும் வாய்ப்பு என்ன? ஒன்பதில் ஒன்று. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் பத்து அணி, அணிக்கு ஏழு மட்டையாளர் என்றால் 70 பேர். ஒவ்வோர் ஆண்டும் ஏழெட்டுப் பேர் எந்தத் தப்பும் செய்யாமல், எந்தக் குறையும் இல்லாமல், கட்டை விழுந்த விதத்தினால் மட்டும் முதல் மூன்று ஆட்டத்தில் 'காலி' ஆவார்கள். அந்த ஏழெட்டுப் பேரை வைத்துத்தான் ஏப்ரல் முழுக்கப் பேச்சு ஓடுகிறது.

ருதுராஜ் கெய்க்வாடை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் சென்னைக்காக அவருடைய முதல் மூன்று ஸ்கோர் 0, 5, 0. இளையவர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்று தோனி சொன்னதும் அந்த நாட்களில்தான். அடுத்த மூன்று ஸ்கோர்: ஆட்டமிழக்காமல் 65, 72, மறுபடி ஆட்டமிழக்காமல் 62. மறு ஆண்டு, 2021. 5, 5, 10 என்று தொடங்கினார். மூன்று ஆட்டத்தில் 20 ரன். மீதி 13இல் 615 ரன். மொத்தம் 635. ஆரஞ்சுத் தொப்பி அவருக்கு, கோப்பை சென்னைக்கு. 2022இலும் திருந்தவில்லை: 0, 1, 1, 16, 17, பிறகு 73. மூன்று ஆண்டும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ அவரை வெளியே உட்கார வைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர் தாயக்கட்டை இல்லை. தொடக்கத்தில் அவருக்கு நிஜமாகவே ஏதோ தடுமாற்றம் இருந்திருக்கலாம். ஆனால் எந்தத் தடுமாற்றமும் இல்லாத பித்தளைக்கும் அதே மாதிரி ஸ்கோர் வரும். அப்படியிருக்க, 5, 5, 10ஐ வைத்து மட்டும் தடுமாற்றம் இருந்ததென்று எப்படிச் சொல்வது? மூன்று இன்னிங்ஸ் முடிந்தால், 24 சராசரி உள்ள ஆளின் கணக்கு 10 என்றும் காட்டலாம், 38 என்றும் காட்டலாம். இரண்டுமே சகஜம். 14 ஆட்டம் கொண்ட முழு சீசன் முடிந்தும் 18க்கும் 30க்கும் நடுவே ஊசலாடும். ஏலத்தில் கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியை நினைத்தால் கை உயராது.

இதே சண்டை அமெரிக்காவிலும் ஏப்ரலில்தான் உச்சத்துக்குப் போகும். அவர்கள் ஆட்டம் பேஸ்பால். சீசனுக்கு 162 ஆட்டம் என்றாலும், முதல் இரண்டு வாரத்திலேயே யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தூக்குவது என்று ஊரே இரண்டாகிவிடும். பேஸ்பாலில் ஒருவர் மட்டை பிடித்த தடவைகளில் எத்தனை தடவை ஒழுங்காக அடித்துத் தளத்தைப் பிடித்தார் என்ற விகிதம்தான் அவர் ஜாதகம். 0.300 என்றால் கெட்டிக்காரர். பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1970 சீசனில் 18 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் முதல் 45 தடவை மட்டை பிடித்தபோது இருந்த விகிதத்தைக் குறித்தார்கள். பட்டியலின் தலையில் ராபர்ட்டோ கிளெமென்டே, 0.400. கடைசிக்கு முந்தின இடத்தில் புதுப் பையன் தர்மன் மன்சன், 0.178. கருணீகர் தெருவாக இருந்தால் மன்சன் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார்.

மீதி சீசனில் கிளெமென்டே 0.346. மன்சன் 0.316. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் மன்சனுக்கே கிடைத்தது.

இது முன்கூட்டியே தெரிந்திருக்குமா? முழுசாக இல்லை. ஆனால் பாதி தெரிந்திருக்கும் என்பதுதான் எஃப்ரானும் மாரிஸும் காட்டிய வேடிக்கை. 18 பேரின் பொதுச் சராசரி 0.265. ஒவ்வொருவரின் எண்ணையும் அதை நோக்கி இழுத்துவிடுங்கள் என்றார்கள், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, ஐந்தில் நாலு பங்கு வழி. கிளெமென்டே 0.294க்கு இறங்கினார். மன்சன் 0.247க்கு ஏறினார். இப்படி இழுத்த கணிப்பின் மொத்தப் பிழை, நேரடி எண்களை நம்பியதால் வரும் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவரவர் அடித்ததை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, பக்கத்தில் நிற்கிறவர்கள் அடித்ததையும் கலந்து சொன்னால் தீர்ப்பு சரியாக வருகிறது.

இது நியாயமாகப் படவில்லை, இல்லையா? மன்சன் எப்படி ஆடுவார் என்பதற்கும் கிளெமென்டே எப்படி அடித்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? புள்ளியியல்காரர்களுக்கே இது தூக்கம் கெடுத்த விஷயம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்டைன் 1956இல் நிறுவியது இது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே சமயத்தில் கணிக்க வேண்டுமென்றால், அவரவர் சராசரியைத் தனித்தனியாக நம்புவதைவிட நல்ல வழி ஒன்று எப்போதும் உண்டு. இரண்டு அளவு என்றால் கிடையாது, மூன்றிலிருந்துதான். 1961இல் வில்லார்ட் ஜேம்ஸோடு சேர்ந்து அதற்கான சூத்திரத்தையும் எழுதினார். அந்த மூன்றுக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாவிட்டாலும் கணிதம் கவலைப்படுவதில்லை. ஒருவரின் மட்டை, கோயம்பேட்டில் தக்காளி விலை, வேளச்சேரி ஏரியின் நீர்மட்டம் என்று மூன்றைச் சேர்த்துக் கட்டினாலும் மொத்தப் பிழை சராசரியில் துளியாவது குறையும். ஸ்டைன் முரண் என்றே இதற்குப் பெயர். நான் இதை மூன்று தடவை படித்துச் சரிபார்த்தேன். இன்னும் மனசு முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

உச்சிக்குப் போனது இறங்கும், பள்ளத்தில் விழுந்தது ஏறும் என்ற இந்த இழுவை நம்மை வேறொரு விதத்திலும் ஏமாற்றும். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர் ஒருவர், பாராட்டினால் விமானிகள் அடுத்த தடவை சொதப்புகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள் என்று அடித்துச் சொன்னதை உளவியல் அறிஞர் டேனியல் கானமன் எழுதியிருக்கிறார். திட்டு விழுந்தது மிக மோசமான நாளில். அதற்கு அடுத்த நாள் எப்படியும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும், திட்டினாலும் திட்டாவிட்டாலும். சோபாவில் இடம் மாறி உட்கார்ந்ததும் சிக்ஸர் விழுவதன் ரகசியமும் இதுதான். மூன்று விக்கெட் விழுந்த பிறகுதானே யாரும் இடம் மாறுகிறோம்.

இப்படியே போனால் எல்லாம் அதிர்ஷ்டம், பேசாமல் முடி வெட்டிக்கொள் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. ஆட்டோக்காரர் எண்ணியது ஆட்டங்களை. அவர் கையில் இருந்தது ஏழே ஏழு சாட்சி. கடைக்காரர் சொன்னது என்ன? 'பேட்ல பந்தே படல.' அவர் எண்ணியது பந்துகளை. ஏழு ஆட்டத்தில் ஏறக்குறைய 800 பந்து. எத்தனை பந்து நடு மட்டையில் பட்டது, எத்தனை பந்து விளிம்பில் உரசியது என்பது ஒவ்வொரு பந்திலும் சேரும் சாட்சி. ரன்னைப் போல எப்போதாவது கொத்தாக வந்து விழுவதில்லை. பேஸ்பாலிலும் அப்படித்தான். அடித்து எடுக்கும் விகிதம் நிலைகொள்ள ஒரு சீசனுக்கு மேல் ஆகும். ஆனால் மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டு வெளியேறும் விகிதம் சில வாரங்களிலேயே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 2010க்கும் 2025க்கும் இருந்த வேற்றுமை புள்ளிப் பட்டியலில் தெரியவில்லை. மட்டையில் தெரிந்திருக்கலாம்.

என்ன, கண்ணுக்குப் பாரபட்சம் உண்டு. பிடித்தவன் உரசினால் 'பாவம்', பிடிக்காதவன் உரசினால் 'பார்த்தியா'. அதற்காகவே எண்ணிப் பார்க்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வேளச்சேரியைத் தாண்டினால் வரும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் பேராசிரியர்கள் 2019இல் கிரிக்இன்ஃபோ தளத்தோடு சேர்ந்து உருவாக்கிய அளவீடுகளில் ஒன்று அதிர்ஷ்டக் குறியீடு. கைநழுவிய கேட்ச் பிடிபட்டிருந்தால், நடுவர் தப்பாகக் கை தூக்காமல் இருந்திருந்தால் ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒருவர் கணக்கில் எத்தனை ரன் அதிர்ஷ்டத்தின் பங்கு என்று பிரித்துச் சொல்லும்.

இதையெல்லாம் அடுத்த மாதம் வெட்டிக்கொள்ளப் போனபோது கடைக்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தாயக்கட்டையைக் கையோடு கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவை நகர்த்திவிட்டு, "உங்களுக்குப் பிடிச்ச பேட்ஸ்மேன நினைச்சுக்கிட்டு உருட்டுங்க" என்றேன். கத்தரியைக் கீழே வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு உருட்டினார்.

இரண்டும் வெறுமை. முதல் பந்திலேயே பன்னிரண்டு.

கொஞ்ச நேரம் கட்டையையே பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கட்டை சரியில்ல சார். மாத்துங்க."