அச்சுக்கட்டையில் போர்வீரர்: செஞ்சித் தேசிங்கு கதைப் படங்களும் ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களும்

ஆய்வுச் சுருக்கம்

தேசிங்குராஜன் கதையின் ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளில் இடம்பெற்ற மரச்செதுக்குப் படங்களை, ஜப்பானின் போர்வீரர் ஓவியங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வீரனை அடையாளம் காட்டும் பொறுப்பு ஜப்பானில் படத்திடமும், தமிழில் பாட்டிடமும் இருந்தது என்பதும், அவ்வேறுபாடே தமிழ்ப் படங்கள் ஆய்வாளரின் கவனத்திற்கு வராமற்போனதற்கு ஒரு காரணம் என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தேசிங்குராஜன், செஞ்சி, பெரிய எழுத்து நூல்கள், மரச்செதுக்கு, முஷா-எ, நடுகல்

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் சுமார் 28 கி.மீ. தொலைவில் செஞ்சி உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தின் இக்கோட்டை, 2025ஆம் ஆண்டு மராத்தியப் படைத்தளங்களின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் மக்கள் நினைவில் செஞ்சிக்கு உரியவன் மராத்தியன் அல்லன். புந்தேல ராசபுத்திரனான தேஜ்சிங், அதாவது தேசிங்கு. தந்தை சொரூப்சிங்கின் மறைவுக்குப் பின் கோட்டையைத் தன் உரிமையாகக் கொண்ட இவன், கப்பநிலுவை தொடர்பாக ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடன் பகைத்து, 1714 அக்டோபரில் போரில் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. ஆட்சிக்காலம் ஓராண்டைக்கூட எட்டவில்லை. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில் இவனுக்குரிய பகுதி, அக்கோட்டையின் நெடிய வரலாற்றில் ஒரு சிறு கூறு மட்டுமே.

கதைப்பாடல் இந்த அளவை மாற்றிவிடுகிறது. தில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குகிறான். இசுலாமிய நண்பன் மோவுத்துகாரன் திருமணக் கோலத்தை விட்டுப் போருக்கு வருகிறான். சிங்கவரத்து அரங்கநாதர் போருக்கு விடைதர மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அவ்வட்டாரத்தார் இன்றும் சொல்வர். வரி நிலுவைப் பூசல் இவ்வாறு வீரகாவியமாயிற்று. அதற்கு உருவம் கொடுத்தது மலிவு அச்சு.

பெரிய எழுத்து நூல்களின் படங்கள்

1835இல் மெட்காஃப் கொணர்ந்த அச்சகச் சட்டத்திற்குப் பின் இந்தியர் அச்சகம் நடத்துவது எளிதாயிற்று. சென்னையின் குஜிலிக் கடைகளில் மதுரைவீரன், அல்லி அரசாணி, நல்லதங்காள், தேசிங்குராஜன் ஆகிய கதைகள் மலிவு விலையில் விற்பனையாயின. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் நிறுவனம் இவ்வகை வெளியீட்டில் நன்கறியப்பட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) இவ்வுலகை விரிவாக அறிமுகப்படுத்தியது. எனினும் அந்நூல்களின் படங்களைப் பற்றிய தனி ஆய்வுகள் குறைவு.

படங்களின் தன்மைக்கு அச்சுத்தொழிலே முதற்காரணம். மரக்கட்டையில் கோடுகள் மேடாக நிற்குமாறு மற்ற இடங்களைச் செதுக்கி நீக்குவர். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்திற்குச் சமமாக இருந்தால், இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அச்சிடலாம். ஆகவே படம் எழுத்துப் பக்கத்தின் அளவுக்குள் அடங்கியது. கறுப்பு மை ஒன்றே போதுமானதாயிற்று. பலமுறை அச்சேறவேண்டியிருந்ததால் கோடு தடித்தது. கட்டை அச்சகத்தின் சொத்து என்பதையும் மறத்தலாகாது. ஒரு கதைக்கென வெட்டிய குதிரைவீரன் வேறொரு கதைக்கும் பொருந்துவான். கிரீடமும் உயர்த்திய வாளும் முன்காலைத் தூக்கிய குதிரையும் ‘வீரன்’ என்று மட்டுமே சொல்லும். ‘தேசிங்கு’ என்று சொல்வது அருகிலுள்ள பாட்டு.

முஷா-எ: பெயர் தாங்கிய படம்

ஜப்பானில் நிலைமை வேறு. அங்குப் போர்வீரர் படங்களை முஷா-எ என்பர். 1765இல் ஹருநொபுவின் காலத்தில் பல்வண்ண அச்சு முழுவளர்ச்சி பெற்றது. பதிப்பாளர், ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர் என நால்வரின் கூட்டுழைப்பு அது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு செர்ரிக் கட்டை. தாள் நகராதிருக்கக் கட்டையிலேயே வெட்டிய ‘கென்தோ’ என்னும் குறி. பொறியின்றிக் கையால் தேய்த்தெடுக்கும் அச்சு. எழுத்தச்சின் சட்டத்துக்குள் அடங்கவேண்டிய கட்டாயம் அங்கில்லை.

உத்தகாவா குனியோஷி 1827 அளவில் தொடங்கிய சுயிகோதென் வரிசை இவ்வகையை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. சீனப் பழங்கதையின் 108 வீரர்களை ஒருவருக்கு ஒரு தாள் என்னும் முறையில் அவர் வரையத் தொடங்கினார். பச்சைகுத்திய முதுகு, ஏந்திய படைக்கலம், கட்டத்துக்குள் எழுதிய பெயர் ஆகியவை ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்தன. அடையாளம் படத்திலேயே இருந்ததால்தான் அரசு அதற்கு அஞ்சியது. ஹிதெயோஷியைச் சித்திரித்ததற்காக 1804இல் உத்தமாரோவுக்கு ஐம்பது நாள் கைவிலங்கு பூட்டப்பட்டது. 1573க்குப் பிற்பட்ட வீரர்களின் பெயரும் குலச்சின்னமும் தடைசெய்யப்பட்டன. ஓவியர்கள் பெயரைச் சற்றே திரித்துத் தப்பினர். நாற்பத்தேழு வீரர் கதையின் ஓயிஷி குரானோசுகே, மேடையிலும் படத்திலும் ஓபோஷி யுரானோசுகே ஆனது இத்தகைய தடைகளின் விளைவே.

தேசிங்கின் படத்திற்கு அவ்வாறு ஒரு தடை வந்திருந்தால் தணிக்கையாளர் எதை அழித்திருப்பார்? படத்தில் அழிக்க எதுவுமில்லை. பாட்டைத்தான் அழித்திருக்கவேண்டும்.

நடுகல் மரபும் பெயரும்

இதைத் தமிழ்ச் செதுக்குநரின் திறக்குறைவு எனக் கொள்வது எளிது, சரியன்று. செஞ்சிக்கு மேற்கேயுள்ள செங்கம் பகுதியின் நடுகற்களை இங்கு நினைவுகூரலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அக்கற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் உருவங்கள் பெரிதும் ஒன்றுபோலவே இருக்கும். இறந்தவன் யார், எந்த அரசன் காலத்தவன், எப்பூசலில் வீழ்ந்தான் என்பவற்றை வட்டெழுத்து வரிகளே சொல்லும். உருவம் பொது, பெயர் சொல்லில் என்னும் இவ்வமைப்பு, குஜிலிப் படத்திலும் காணப்படுகிறது. நேரடித் தொடர்ச்சியென நிறுவ ஆயிரம் ஆண்டு இடைவெளி இடந்தராது. ஆயினும் வீரனைச் சொல்லால் அடையாளங்காணும் பழக்கம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று எனலாம். பெரிய எழுத்து நூல், விளக்கொளியில் ஒருவர் இராகமிட்டுப் படிக்கப் பலர் கேட்பதற்கு ஏற்றது. படம் கையிலிருந்து கைக்கு மாறிப் பார்க்கப்படுவது. கேட்போர் காதில் பெயர் முன்பே விழுந்திருக்கும்.

பதிவு செய்யவேண்டியவை

குனியோஷியின் தாள்கள் கலைப்பொருளாகச் சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. தேசிங்கின் செதுக்குநர் கையெழுத்திடவில்லை; நூல் கிழியும்வரை படிக்கப்பட்டது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றில் எஞ்சியுள்ள படிகளை ஆராய்வோர், பாடலின் பாடவேறுபாட்டோடு படத்தையும் குறித்துவைத்தல் வேண்டும். பெரிய எழுத்து நூல்கள் பலவற்றில் பதிப்பாண்டு இராது. ஆனால் மரக்கட்டை தேயும், வெடிக்கும்; ஒருமுறை விழுந்த விரிசல் அடுத்த அச்சில் நீளுமேயன்றி மறையாது. ஜப்பானிய அச்சுகளில் முதற்படி, பிற்படி எனப் பிரிக்க இவ்வழியைப் பின்பற்றுகின்றனர். தேசிங்கின் குதிரைக்காலில் விழுந்த ஒரு வெள்ளைக் கீற்றைக் கொண்டு, ஆண்டு குறிக்காத இரு பதிப்புகளில் எது முந்தையது எனத் துணியலாம்.