கேம் ரீமாஸ்டர்: பழசு இருக்கும்போது புதுசு வாங்கணுமா?

'ஜிடிஏ வைஸ் சிட்டி' ஆடி வளர்ந்தவரா நீங்க? அதோட ரீமாஸ்டரை வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

ரீமாஸ்டர்னா என்ன?

கதையும் மிஷன்களும் பழசுதான். படத்தின் தெளிவு, வெளிச்சம், கன்ட்ரோல் ஆகியவற்றை இன்றைய டிவி, கன்சோலுக்கு ஏற்ப மெருகேற்றுவார்கள். அடியிலிருந்து புதிதாக உருவாக்கினால் அது 'ரீமேக்'.

ஜிடிஏ-வில் என்ன நடந்தது?

ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றும் சேர்ந்து 2021 நவம்பரில் ரீமாஸ்டராக வந்தன. முகங்கள் பொம்மை மாதிரி இருந்தன. மழை பெய்தால் ரோடே சரியாகத் தெரியவில்லை. பழைய பாடல்கள் சிலவும் இல்லை. இதைவிட கடுப்பு என்னன்னா, பழைய பதிப்புகளை முன்பே ஆன்லைன் ஸ்டோர்களில் இருந்து தூக்கிவிட்டார்கள். ரசிகர்கள் கொந்தளித்ததும் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்பு கேட்டது. கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் ஸ்டோரில் திரும்பக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் அப்டேட்டில்தான் வெளிச்சம் உள்ளிட்ட பல குறைகள் சரியாகின.

அப்போ எப்போ வாங்கலாம்?

* பழைய கேம் உங்க இப்போதைய கன்சோலில் ஓடாவிட்டால் வாங்கலாம்.
* பழசு வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டான்னு பாருங்க. 2016-ல் 'ஸ்கைரிம்' ரீமாஸ்டர், அசல் கேமையும் அதன் எல்லா டிஎல்சி-யையும் கணினியில் வாங்கியிருந்தவர்களுக்கு இலவசமாகவே கிடைத்தது.
* ப்ரீ-ஆர்டர் வேண்டாம். வெளியான பிறகு வரும் விமர்சனங்களைப் பார்த்து வாங்குங்க.

முக்கியமா, பழைய சிடி இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்டோரில் இருந்து நீக்கினாலும் அது உங்க கையில் இருக்கும்!