கரிசல் மண்ணின் கொள்வினையும் கொடுப்பினையும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பருத்தியும் சோளமும் கம்பும் விளையும் கரிசல் பூமி, ஈரத்தை நெடுநாள் தாங்குவதில் பெயர் பெற்றது. நீரில் கரைந்து வரும் உப்புகளிலும் சிலவற்றைப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சிலவற்றை அது பற்றுவதே இல்லை. எதைப் பற்றும், எதை விட்டுவிடும் என்பதை அறிந்துகொள்வது கிணற்றுப் பாசனம் செய்யும் குடியானவர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

இங்கிலாந்தில் ஜே. டி. வே என்னும் ரஸாயன நிபுணர், மண்ணின் வழியே அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை வடியவிட்டுக் கண்ட முடிவுகளை 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மோனியம் மண்ணில் தங்கிற்று. அதற்கு ஈடாக மண்ணிலிருந்த கால்சியம் வெளிவந்தது. சல்பேட்டோ தங்காமல் நீருடன் வடிந்துவிட்டது.

இதன் காரணம் பின்னாளில் விளங்கிற்று. கரிசலிலுள்ள நுண்ணிய களித்துகள்கள் ஏடு ஏடாக அமைந்தவை. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. ஆகவே நேர்மின்னேற்றமுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவை அவற்றில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று வந்து சேர, மற்றொன்று விலகும். எதிர்மின்னேற்றமுள்ள நைட்ரேட் போன்றவையோ நிலையாக ஒட்டாமல் நீரோடு கீழே இறங்கும்.

சோடியம் மிகுந்த கிணற்று நீரை ஆண்டுதோறும் பாய்ச்சினால், அது களியிலுள்ள கால்சியத்தை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது. அப்போது துகள்கள் சிதறி மண்ணின் கண்கள் அடைபடும். ஈரத்தில் சேறாகவும், காய்ந்தபின் கல்லாகவும் நிலம் கெடும். இதற்குப் பரிகாரம் உண்டு. மண் பரிசோதனையின்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சி வடியவிட்டால், ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் மட்டும் இட்டுப் பயனில்லை.

பட்டாசுத் தொழிலில் வழங்கும் பொட்டாசியம் பெர்குளோரேட் என்னும் உப்பின் கதை வேறு. மழை நீரில் கரைந்து அது நிலத்தை அடையுங்கால், பொட்டாசியத்தை மண் பற்றிக்கொள்ளும். பெர்குளோரேட்டோ தடையின்றி நிலத்தடி நீரை அடையும். சிவகாசி, மதுரைப் பகுதிகளில் 60 நிலத்தடி நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை பெர்குளோரேட் காணப்பட்டது. பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியிலேயே அளவு மிகுதி. குடிநீரில் 70 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தைராய்டு சுரப்பி அயோடினைப் பெறுவதை இப்பொருள் தடுக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குறிப்பாகக் கவனிக்கத்தக்கவர்கள்.

நீரைக் காய்ச்சுவதால் இது நீங்காது. சாதாரண உப்புப் பரிசோதனையிலும் வெளிப்படாது; இதற்கெனத் தனிப் பரிசோதனை வேண்டும். பட்டாசு மருந்துக் கழிவையும், மருந்துப் பாத்திரங்கள் கழுவிய நீரையும் ஓடையிலும் புஞ்சையிலும் விடாமல் காப்பது ஆலையாருக்கும் ஊராருக்கும் பொதுவான கடமையாகும்.

மண் பற்றிக்கொண்ட கேட்டை ஜிப்சம் கொண்டு மாற்றலாம். மண் பற்றாத கேட்டை, அது நிலத்தில் விழுமுன் தடுப்பதே தக்க வழி.